கிணற்றைச் சுற்றும் பக்கம்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மாலக்கி கோகனின் மேய்ச்சல் நிலத்தில், ஒரு புனிதரின் கிணறு இருந்தது. மாலக்கியின் அம்மா காலத்தில் ஆகஸ்ட் பதினைந்தன்று ஊரே அதை வெறுங்காலோடு ஏழு தடவை சுற்றிச் செபம் சொல்லும். பிறகு அது விட்டுப்போனது.

இப்போது ஊர்த் தேவாலயத்தின் பங்குக் குழு அதை மறுபடி தொடங்கக் கிளம்பியிருந்தது. தலைவி அட்ராக்டா அனுமதி கேட்டு வந்தபோது, "இந்த ஒரு வருஷந்தான்" என்று மாலக்கி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். குழு என்றாலே அவருக்கு ஆகாது. இன்றைக்குக் கிணறு கேட்பார்கள், நாளைக்கு வண்டி நிறுத்த இடம் கேட்பார்கள்.

அன்று இருபது பேர் வந்தார்கள். அட்ராக்டா அச்சடித்த தாளோடு முன்னால் நடந்தாள். கிணறு இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்ற ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் யாரையாவது சபிக்கத்தான் அப்படிச் சுற்றுவார்கள்.

மாலக்கி பேசாமல் இருந்தால் இந்த வருஷத்தோடு தொல்லை விடும். ஆனாலும் தெரிந்தே அவர்களைச் சாபத்தில் மாட்டிவிட அவருக்கு மனசு வரவில்லை.

"ஏம்மா, என் நிலத்துல நின்னு யாரைச் சபிக்கிறே?"

"தாள்ல இப்படித்தான் போட்டிருக்கு, மாலக்கி."

"தாள் எழுதினவன் இங்க வந்து சுத்தினானா?"

"அப்ப நீங்களே காட்டுங்க. வாய் மட்டும் பேசுதே."

மாலக்கி புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். கிணறு வலக்கைப் பக்கம் வர நடந்தார். இருபது பேரும் பின்னால் நடந்தார்கள்.

"அடுத்த வருஷம் மறந்துட்டா?" என்றாள் அட்ராக்டா.

"மறக்கத்தான் போறீங்க. வந்து தொலைங்க, காட்டறேன்."