ஞாயிற்றுக்கிழமை கொண்டாடிய நூறாவது பிறந்தநாள்

எவால்ட் பேங்கேவுக்குச் செவ்வாய்க்கிழமை நூறு வயது ஆகியிருக்க வேண்டும். மனிதர் ஞாயிறு ராத்திரி தூக்கத்திலேயே போய்விட்டார். திங்கட்கிழமை காலை காப்பி கொண்டுபோன மகள் ரோஸ்வித்தாதான் முதலில் பார்த்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் காப்பியைத் தானே குடித்து முடித்தாள். அழுகை வரவில்லை.

மத்தியானம் அண்ணன் ஹார்ட்முட் வந்தான். உள்ளூர் ஷெபாய்கன் பத்திரிகைக்கு மரண அறிவிப்பு எழுத இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். பொமரேனியாவில் பண்ணை வீட்டில் பிறந்தது, உலகச் சண்டைக்குப் பிறகு ஊரே வேறு நாட்டுக்குக் கைமாறிப் போனது, 1952-இல் மனைவி லீசலோட்டோடும் இரண்டு வயது ஹார்ட்முட்டோடும் கப்பலேறியது, இங்கே நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம். எல்லாம் எட்டு வரியில் முடிந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் உட்காருவார். சனிக்கிழமை தவறாமல் வீட்டிலிருக்கும் அத்தனை பேர் ஷூவையும் வரிசையாக வைத்துப் பாலிஷ் போடுவார், மருமகள் ஷூவையும் விடமாட்டார். இதையெல்லாம் எந்த வரியில் போடுவது?

"வயசு நூறுன்னே போடு," என்றான் ஹார்ட்முட். "நேத்து கேக்குலயே எழுதியாச்சு, நாப்பது பேரு தின்னுட்டும் போயாச்சு."

"தொண்ணூத்தொம்பது."

"ரெண்டு நாள்ல என்ன வந்துடுச்சு?"

"பொய் எழுதினா அப்பா எழுந்து வந்து பேனாவப் புடுங்குவாரு."

"அந்த ரெண்டு நாள் நீ பொறுத்திருந்தா பொய்யே எழுத வேணாம். ஞாயித்துக்கெழமதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?"

சொன்ன பிறகு அவனுக்கே சுருக்கென்றது. எழுந்துபோய் ரொட்டி டப்பாவைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினான். ரோஸ்வித்தா 99 என்று எழுதினாள்.

அவன் சொன்னது நிஜம். பிறந்தநாளுக்கு முன்னால் வாழ்த்துவது ஆகாது, கேடு வரும் என்பது இவர்கள் ஊர்ப் பழைய நம்பிக்கை, ஆனால் எவால்ட் அளவுக்கு யாரும் அதைப் பிடித்துத் தொங்கியதில்லை. முன்கூட்டி வரும் வாழ்த்து அட்டைகளை உறை பிரிக்காமல் ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைப்பார். கொண்டாட்டம் ஞாயிற்றுக்கிழமை என்றதும் அவர் கெஞ்சியே கேட்டார்.

"நாள் வரட்டும்மா. வந்தப்புறம் எத்தன பேரு வேணா வாழ்த்துங்க."

"பேரப்பிள்ளைங்க திங்கக்கெழம வேலைக்குப் போகணும்ப்பா. உங்க நம்பிக்கைக்கு எவன் லீவு குடுப்பான்?"

ஞாயிறும் வந்தது. தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் வறுத்த சாஸேஜும் உருளைக்கிழங்கு சாலட்டும் கேக்குமாக அமர்க்களப்பட்டது. ஒவ்வொருவரும் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார்கள். மனிதர் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார். "நூறு வயசு வாழ்த்துகள், தாத்தா," என்று ஒரு பேத்தி கத்த, "சாயங்காலம் மழ வரும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வயசாச்சில்லையா.

ராத்திரி அவர் கோட்டைக் கழற்றி மாட்டும்போது, முதுகுக்குப் பின்னாலிருந்து ரோஸ்வித்தா கேட்டாள். "எம்மேல கோவமாப்பா?" பதில் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இதை அவள் ஹார்ட்முட்டிடம் சொல்லவில்லை. அப்பா தன்மேல் கோபத்தோடே போனார், தான்தான் அவரை அனுப்பிவைத்தோம் என்பது நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையே எடுத்துக்கொண்டு இறுதிச்சடங்கு நிலையத்துக்குப் போனாள். ஹார்ட்முட்தான் காரை ஓட்டினான். அங்கே உடல்களுக்கு உடுத்திவிடும் லெம்கே என்ற பெரியவர், சட்டைப்பையைச் சோதிக்காமல் யாருக்கும் உடுத்தமாட்டார். கோட்டுப் பையில் கைவிட்டு ஒரு கைக்குட்டையை எடுத்து மேசையில் பிரித்தார். உள்ளே இரண்டு காது மிஷின்கள். பேட்டரி மூடிகள் இரண்டும் திறந்தபடி இருந்தன.

"இத அவருக்கு வச்சு விடணுமா, இல்ல நீங்க கொண்டுபோறீங்களாம்மா?"

ரோஸ்வித்தா பார்த்துக்கொண்டே நின்றாள். மூடியைத் திறந்தால் மிஷின் அணைந்துவிடும், தினமும் படுக்கப் போகும்போது அவர் செய்வதுதான். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு முன்னாலேயே செய்திருக்கிறார். நாற்பது பேர் வாழ்த்தியதில் ஒரு வாழ்த்துகூட அவர் காதில் விழவில்லை. ராத்திரி அவள் கேட்டதும் விழவில்லை.

"கள்ளக் கெழவன்," என்றான் பின்னாலிருந்த ஹார்ட்முட்.

"நானே வைக்கிறேன்," என்றாள் ரோஸ்வித்தா.

உடுத்தி முடித்து லெம்கே கூப்பிட்டபோது மணி பதினொன்று. உள்ளே தனியாகப் போனாள். மிஷின்களின் மூடிகளை அழுத்தி மூடினாள், கைக்குள் அவை உயிர்வந்து மெல்ல விசிலடித்தன. ஒவ்வொன்றாக அப்பாவின் காதில் பொருத்தினாள். சில்லென்றிருந்த வலது கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"இன்னிக்குத்தாம்ப்பா, செவ்வாக்கெழம. பொறந்தநாள் வாழ்த்துகள்."

சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு, கேட்டிருக்காதோ என்று குனிந்து, இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்.