ஏழு நாள் அட்டை

மழை வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஃபுசயே குடையை எடுத்துக்கொண்டாள். கையில் ஏதாவது இருந்தால்தான் அவளால் நடக்க முடிந்தது. வீட்டிலிருந்து ரயில் நிலையம் பத்து நிமிடம். அதை ஏழு நிமிடத்தில் கடந்தாள்.

இருபது நாட்களாக இதே ஓட்டம்தான். மகள் சிஹாரு அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிய காலையில், தன் பச்சை சைக்கிளை நிலையத்து வேலியோரம், நிறுத்தக் கூடாத இடத்தில் பூட்டிவிட்டு ரயிலேறினாள். குரோதா என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாளாம். ஏற்கெனவே ஒரு முறை மணமாகிப் பிரிந்தவர்.

"அவன்தான் வேணும்னா அங்கேயே இரு. இந்தப் பக்கம் வராதே" என்று ஃபுசயேயின் கணவர் இவாவோ சொல்லிவிட்டார். அவள் வரவில்லை. சைக்கிள் மட்டும் நின்றது.

முன்கூடையில் யாராவது காலி காபி டப்பாவைப் போட்டிருப்பார்கள். ஃபுசயே அதைப் பொறுக்கி எடுப்பாள். இருக்கையைத் துடைப்பாள். என்றைக்காவது சிஹாரு இந்த நிலையத்தில் இறங்கினால், சைக்கிளைப் பார்த்ததும் பழக்கத்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள். சைக்கிள் இல்லையென்றால்? அடுத்த ரயிலில் திரும்பிப் போய்விடுவாள். ஃபுசயேயின் மனதில் இது கணக்குப் போல உறைந்திருந்தது.

தொல்லை என்னவென்றால், கேட்பாரற்ற சைக்கிள்களில் மஞ்சள் அட்டை கட்டும் வேலை இவாவோவுடையது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற பிறகு வட்டார அலுவலகத்துக்காக வாரம் மூன்று நாள் அதைச் செய்கிறார். அட்டையில் தேதி இருக்கும். ஏழு நாளில் எடுக்காவிட்டால் லாரியில் ஏற்றிவிடுவார்கள்.

முதல் அட்டையைப் பார்த்த அன்றே அவள் கேட்டாள். "அது நம்ம பொண்ணு சைக்கிளுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சேவா கட்டினீங்க?"

"ஊரார் வண்டிக்கு ஒரு சட்டம், என் வீட்டு வண்டிக்கு ஒரு சட்டமா? சூப் ஆறுது, குடி."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆறாம் நாள் வந்ததும் அட்டையைக் கிழித்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொள்வாள். அவர் புது அட்டை கட்டுவார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். இப்படி இரண்டு முறை ஆயிற்று. மூன்றாவது அட்டைக்கு நேற்றுதான் ஆறாம் நாள். காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

இன்று வேலியோரம் லாரி நின்றது.

பச்சை சைக்கிளின் முன்சக்கரத்தை இவாவோ பிடித்திருந்தார். பின்சக்கரம் அவருடைய கூட்டாளி ஒகாதாவின் கையில். ஃபுசயே குடையைப் போட்டுவிட்டு இருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறக்குங்க!"

"அம்மா, கையை எடுங்க, நசுங்கிடும்" என்றார் ஒகாதா. "யாரண்ணே இவங்க?"

"என் வீட்டம்மா."

"அடக் கடவுளே! அட்டை கிழிக்கிற ஆளைப் பிடிக்க நான் தூணுக்குப் பின்னாடியெல்லாம் ஒளிஞ்சு பார்த்தேன். திருடன் உங்க வீட்டுலயே சோறு பொங்கிட்டிருக்கானா?"

"எனக்குத் தெரியும். கோட்டுப் பையில பார்த்தேன்" என்றார் இவாவோ.

"தெரிஞ்சும் மறுபடி கட்டினீங்களே, நீங்கல்லாம் ஒரு அப்பாவா?" ஃபுசயே இருக்கையை விடவில்லை.

இவாவோ கழுத்துத் துண்டை உருவி, லாரியில் பக்கத்து சைக்கிள் உரசாதபடி பச்சைக் கம்பியில் சுற்றினார். ஒகாதா நாசூக்காக லாரியின் மறுபக்கம் போனார்.

"வண்டி கிடங்குக்குப் போனா வீட்டுக்குத் தபால் வரும்" என்றார் இவாவோ, முடிச்சைப் பார்த்தபடியே. "சைக்கிளைப் பதிவு பண்ணினது நம்ம விலாசத்துல, அவ பேருல. நானோ நீயோ போனா தர மாட்டாங்க. சாவியை எடுத்துக்கிட்டு அவளேதான் வரணும்."

ஃபுசயேயின் கை இருக்கையிலிருந்து நழுவியது.

"இதுக்கு ஒரு போன் பண்ணினா ஆகாதா?"

"வராதேன்னு சொன்ன வாயால என்னன்னு கூப்பிடறது? தபால் வந்தா நீ சொல்லலாம். ஆபீஸ் விஷயம்." பிறகு எரிச்சலோடு சேர்த்துக்கொண்டார்: "முதல் வாரமே முடிஞ்சிருக்கும். கிழிச்சுக் கிழிச்சு நீதான் இழுத்துட்டே."

லாரி போன பிறகு வேலியோரம் வெறுமையாக இருந்தது. இப்போது இறங்கினால் சிஹாரு என்ன நினைப்பாள் என்று யோசித்தபடியே ஃபுசயே கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டாள்.

ஒன்பது நாட்கள் தபால் பெட்டியைத் திறந்து திறந்து மூடினாள். பத்தாம் நாள் தபால் அட்டை வந்தது. ஒரு மாதம் வைத்திருப்பார்களாம், அப்புறம் நசுக்கிவிடுவார்களாம். கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"சிஹாரு, உன் சைக்கிளைத் தூக்கிட்டுப் போயிட்டாங்கம்மா."

"யார் தூக்கினா? அப்பாவா?"

"அப்பாதான். கீறல் படாம, தன் துண்டைச் சுத்தி ஏத்தினார்."

ஃபுசயே தபால் அட்டையின் மூலையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள்.

"குரோதாவும் கூட வருவார். பரவாயில்லையா?"

ஃபுசயே சமையலறைப் பக்கம் திரும்பினாள். அங்கே குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இவாவோ ஒரே கிண்ணத்தை வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குரோதாவும் வராராம்" என்றாள் சத்தமாக.

குழாய் நின்றது.

"ஞாயித்துக்கிழமை கிடங்கு நாலு மணி வரைக்கும்தான்" என்றார் உள்ளிருந்து. "டயர்ல காத்து இருக்காது. நான் பம்பு எடுத்துட்டு வரேன்னு சொல்லு."