மதியம் முதல் லாரி

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், வீரமுத்துவின் லாரி ராசியில்லாதது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மூன்று மாதமாக, மதியச் சாப்பாடு முடிந்து எடைமேடை திறந்ததும் அவன் வண்டி ஏறினால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். எடைச்சீட்டு வராது. அணைத்துப் போட்டால்தான் வேலை செய்யும்; அதற்குள் பின்னால் இருபது லாரி ஹாரன் அடிக்கும். மற்றவர்கள் சாப்பிட வீட்டுக்கு ஓடும்போது, வண்டியிலேயே கட்டுச்சோறு தின்றுவிட்டு வரிசையில் முதலில் நிற்கிற மனுஷன் அவன். அந்த உழைப்புக்குக் கிடைத்த பட்டம் இது. சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போய்வந்து சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியும் பார்த்தான். பழம்தான் வீண்.

எடைமேடை ஆபீசில் இருந்துகொண்டு அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிய பிரவீணா, கேட்டவர்களிடமெல்லாம் "இன்டர்நெட் லைன் சரியில்லை" என்றே சொல்லிவந்தாள். பழி போட லைன் இருக்கவே இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கான்ட்ராக்டர் இளையபெருமாள், "நாளையிலேருந்து உன் வண்டி வேணாம்பா" என்று வீரமுத்துவிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. சுருக்கென்றது. அப்போதுதான் கம்ப்யூட்டரில் இருந்த பதிவுகளை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தாள். கோளாறு அத்தனையும் சாப்பாடு முடிந்து மேடை திறக்கிற இரண்டு மணிக்கு.

ஒவ்வொரு லாரிக்கும், எடையைப் பதிந்து சீட்டு தருகிற திருச்சி சர்வரைப் புதிதாகக் கூப்பிட்டால் நேரமாகும் என்று, காலையில் போட்ட இணைப்பையே நாள் முழுக்க வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தாள். ஐந்து நிமிடம் பேச்சில்லையென்றால் சர்வர் போனை வைத்துவிடும்; லாரியே ஏறாத சாப்பாட்டு நேரத்தில் தினமும் அதுதான் நடந்தது. இவள் புரோகிராமோ மதியம் அந்தச் செத்த இணைப்பிலேயே எடையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிடக்கும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வரிகூட அவள் எழுதவில்லை.

அன்று மதியம் வரிசையில் நின்ற இன்னொரு டிரைவர் குழந்தைவேலின் புது லாரியை முதலில் ஏற்றச் சொன்னாள். அதுவும் நின்றது.

"தப்பு வண்டில இல்லீங்க. லைன்லயும் இல்ல. நான் எழுதுனதுல" என்றாள், எல்லோரும் கேட்க. வெட்கமாகத்தான் இருந்தது.

"படிச்ச புள்ள செய்யற வேலையாம்மா இது?" என்றார் இளையபெருமாள். வீரமுத்துவை மறுநாளும் வண்டியோடு வரச் சொல்லிவிட்டார்.

நாலு நிமிடம் சும்மா கிடந்த இணைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போடும்படி அன்று மாலையே மாற்றினாள். மறுநாள் இரண்டு மணிக்கு வீரமுத்து ஏறினான். சீட்டு உடனே வந்தது. வாங்கியவன் போகாமல் ஜன்னலோரம் நின்றான்.

"மேடம், சாயங்காலம் எங்க ஊரு விக்கிரமங்கலம் வரைக்கும் வர முடியுங்களா? நேத்து சொன்னத எங்கப்பாகிட்ட ஒருக்கா சொல்லணும். புள்ள பொறந்த நேரந்தான் வண்டிக்கு ஆவலன்னு, மூணு மாசமா அவரு எம்மவளத் தொட்டுத் தூக்கல."

"வரேண்ணே" என்றாள் பிரவீணா. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.