கதவுக்கு அந்தப் பக்கம் திமிங்கலம்

பல் டாக்டர் படகு வாங்கிய செய்தி வந்த நாளிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. இருவரும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். பதினாறு வருஷமாக ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் வந்தால், மறு மாதமே மற்ற வீட்டில் அதைவிட ஒரு கதவு கூடுதலான ஃபிரிட்ஜ் வந்து நிற்கும். ஆனால் படகுக்கு மேலே எதை வாங்குவது? கப்பலையா?

"ஞாயித்துக்கிழமை வாங்க சகலை, திமிங்கலம் காட்டுறேன்" என்று டாக்டர் ஃபோனில் அழைத்தார். ஏதோ அவர் வீட்டுக் கொல்லையில் கட்டிப்போட்டு வளர்ப்பது போல.

"போன இடத்துல வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது" என்று மனைவி எச்சரித்துத்தான் கூட்டிப் போனாள்.

படகு வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு, நின்றால் திரும்ப முடியாத ஒரு கழிப்பறை. டாக்டர் மாலுமித் தொப்பி போட்டுக்கொண்டு, கரையை ஒட்டியே படகை ஓட்டியபடி பாடம் நடத்தினார்.

"திமிங்கலம் தெரிஞ்சா உடனே இன்ஜினை அணைச்சிடணும். நாம துரத்தக் கூடாது, அதுங்களா வந்தாத்தான் உண்டு. இங்க வர்ற ஜாதிக்குப் பல்லே கிடையாது, தெரியுமா? அதுக்குப் பதிலா வாய்க்குள்ள சல்லடை மாதிரி இருக்கும்."

"பல்லே இல்லைன்னா அது உங்ககிட்ட எதுக்கு வரப்போகுது?" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். மனைவி அவர் தொடையில் கிள்ளினாள்.

முதல் திமிங்கலம் வந்தபோது டாக்டர் பெட்டிக்குள் தலையை விட்டு பைனாகுலரைத் தேடிக்கொண்டிருந்தார். கவிழ்ந்த பேருந்து மாதிரி ஒரு கரிய முதுகு எழுந்து, நீரைப் பீய்ச்சிவிட்டு மறைந்தது. "எங்க? எங்க?" என்று அவர் நிமிர்வதற்குள் கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை போலக் கிடந்தது.

"அலையா இருக்கும் சகலை" என்றார் டாக்டர்.

"அலை மூச்சு விடுமா?"

இரண்டாவது வந்தபோது அவர் கயிற்றுச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு டாக்டர் எதற்கும் குனிவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் இரண்டு மணி நேரம் நின்றார். பிளாஸ்க்கில் இருந்த டீயை நின்றபடியே குடித்துத் தீர்த்ததுதான் வினையாகிவிட்டது. இன்ஜினை அணைத்துவிட்டு, "ஒரே நிமிஷம்" என்று கழிப்பறைக்குள் போனார்.

அந்த நிமிஷத்தில்தான் தாயும் குட்டியுமாக இரண்டு வந்தன. வலப்பக்கம், படகை உரசுகிற தூரத்தில். அக்காவும் தங்கையும் வீலென்று கத்தினார்கள். உள்ளேயிருந்து தடதடவென்று சத்தம்.

"கதவு மாட்டிக்கிச்சு! கைப்பிடி சும்மா சுத்துது! யாராவது திறங்களேன்!"

கழிப்பறையின் ஜன்னல் இடப்பக்கம் இருந்தது. உள்ளங்கை அகலம்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் திரும்பத்தான் நினைத்தார். ஆனால் தாய்த் திமிங்கலம் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணை மேலே காட்டி அவரைப் பார்த்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கண்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர் அவர். எத்தனையோ பேருடைய கண்ணுக்குள் விளக்கடித்திருக்கிறார். அவரை இப்படி நிதானமாக, ஓர் அவசரமும் இல்லாமல் எந்தக் கண்ணும் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பின்னால் டாக்டர் கதவை உதைத்துக்கொண்டே இருந்தார்.

"அத்தான், அவர் அழுதுடுவார் போலிருக்கு!" என்று மச்சினி சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அவருக்கு உணர்வு வந்தது.

மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் குட்டி ஸ்குரூடிரைவர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கதவின் கீலில் ஆறு திருகாணிகள். திமிங்கலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படகின் ஆட்டத்தில் நெற்றியை இரண்டு முறை இடித்துக்கொண்டு, ஆறையும் கழற்றினார். டாக்டர் வெளியே ஓடிவந்தார். வந்த வேகத்தில் கதவைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

புஸ்ஸென்று தாய் மூச்சு விட்டது. பத்து நாள் அழுகிய மீன் நாற்றத்தோடு மழை போல் ஒரு தூறல் நாலு பேரையும் நனைத்தது. பிறகு வால் மெல்ல எழுந்து, ஒரு கணம் வானத்தில் நின்று, நீருக்குள் இறங்கியது. குட்டியும் பின்னாலேயே போனது.

டாக்டர் முகத்தில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. கதவைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லா இருக்கு சகலை" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். அவரே எதிர்பார்க்காமல் வந்துவிட்ட வார்த்தை. "படகும்தான்."

திரும்பும்போது டாக்டர் ஸ்டியரிங்கை அவரிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்: "நான் கத்துனது உங்களுக்குக் கேக்கலையா?"

"இன்ஜின் சத்தத்துல..."

"இன்ஜினை அணைச்சுட்டுத்தானே உள்ள போனேன்?"

கண்ணாடிக் கடைக்காரர் கடலையே பார்த்து ஓட்டினார். காது மடல் சிவந்துவிட்டது. பின்னால் அக்காவும் தங்கையும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"ஒரு... ரெண்டு நிமிஷம்."

டாக்டர் யோசித்தார். "நானா இருந்தா, அது போற வரைக்கும் திறந்திருக்க மாட்டேன் சகலை" என்றார்.