ஒன்பதாவது பூசை

கேப்டன் எலிசேயோ மக்பானுவாவிடம் ஒரு குறை இருந்தது. அது அவருக்குத் தெரியாது. அவர் கம்பெனியில் இருந்த எழுபது பேருக்கும் தெரியும். காலையில் வாளித் தண்ணீரும் கண்ணாடியுமாக அவர் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கும்போது போய் எதைக் கேட்டாலும், "ம், சரி" என்றுவிடுவார். அந்த நேரத்தில் அவர் ஜெபம் செய்துகொண்டிருப்பார் என்பதுதான் காரணம். எழுபது பெயரையும் ஒவ்வொன்றாகக் கடவுளிடம் சொல்லி முடிப்பதற்கும் தாடை மழுமழுவென்று ஆவதற்கும் சரியாக இருக்கும். நடுவில் யார் வந்து என்ன கேட்டாலும் அவர் தலையில் ஏறாது.

பையன்கள் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். சமையல்காரர் கார்ப்பரல் தினோய் பாட்டுப்பெட்டி வாங்கிக்கொள்ள அனுமதி பெற்றதும் அப்படித்தான். "பெட்டி எங்கிருந்து வந்துச்சு?" என்று கேப்டன் பிறகு கேட்டபோது, "நீங்கதானே சார் சரின்னீங்க" என்றான் அந்தப் புண்ணியவான். கேப்டன் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

சார்ஜென்ட் கிரிசாந்தோ ஜுமாவான் அந்த ரகம் இல்லை. ஒளிவுமறைவு தெரியாத, சிக்கிஹோர் தீவுக்காரன். டிசம்பர் பதினைந்தாம் தேதி காலை அவன் வந்து கேட்டது நேர்மையான ஒரு காரியம்தான். மறுநாள் முதல் கிறிஸ்துமஸ்வரை ஒன்பது நாளும் விடியற்காலைப் பூசை. காவலில் இருக்கும் எட்டுப் பேரில் நான்கு பேர் முறைவைத்துக் குன்றுக்குக் கீழே இருக்கும் சிற்றாலயத்துக்குப் போய் வரலாமா? கேப்டன் பாப்டிஸ்ட் சபைக்காரர், அவருக்கு இந்த ஒன்பது நாள் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஜுமாவானுக்கோ உயிர். ஒன்பது பூசையையும் தவறாமல் பார்த்தால் வேண்டியது நடக்கும் என்பது அவன் ஊரில் எல்லோரும் அறிந்தது. அவன் வேண்டுதலும் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடமாகக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இல்லை. போன ஆகஸ்டில் பிறந்த மகளை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. இந்த வருடம்தான் லீவு கிடைத்திருந்தது.

"ம், சரி" என்றார் கேப்டன்.

ஐந்தாம் நாள் விடிவதற்குள் கர்னல் வில்லாரோசா சொல்லாமல் கொள்ளாமல் ஜீப்பில் வந்து இறங்கினார். முகாம் வாயிலில் எட்டுப் பேருக்குப் பதில் நாலே பேர். மற்ற நாலு பேரும் தொப்பியைக் கையில் பிடித்தபடி குன்றேறி வந்தார்கள், முன்னால் ஜுமாவான். கேப்டனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. மேஜர் பதவிக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

"காவலை விட்டுட்டு எங்கய்யா போனீங்க? யாரைக் கேட்டுப் போனீங்க?" என்று கத்தினார் கேப்டன்.

ஜுமாவான் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, காரணம் சொல்லித் தப்பிக்கக் கூடாது என்று பயிற்சியின் முதல் நாளே எல்லாச் சிப்பாய் வாயிலும் ஏற்றிவிடும் அந்தப் பதிலைச் சொன்னான்.

"சாக்கு இல்ல, சார்!"

"சாமி கும்பிடப் போறேன்னு கூட்டாளிங்களை ஆபத்துல விட்டுட்டுப் போறதுதான் உன் பக்தியா? வெக்கமா இல்ல? உன் லீவு ரத்து. இனி ஒருத்தனும் பூசைக்குப் போகக் கூடாது!"

கர்னல் ஜுமாவானின் பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

இருபத்து மூன்றாம் தேதி காலை கேப்டன் வழக்கம்போலக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, தாடையில் நுரையோடு, பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜுமாவான் பெயர் வந்தது. அந்தப் பெயரில் மூன்று நாளாகவே நாக்கு கொஞ்சம் இடறிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடியில், தன் தோளுக்குப் பின்னால், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜுமாவான் நின்றது ஞாபகத்துக்கு வந்தது. அவன் உதடு அசைந்ததும், தன் வாயிலிருந்து "ம், சரி" வந்ததும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வந்தன.

சவரக்கத்தி வாளிக்குள் விழுந்தது.

மனிதர் நல்லவர்தான், ஆனாலும் மனிதர். முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? சத்தம் போடாமல் லீவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கிறிஸ்துமஸுக்காக மன்னித்துவிட்டேன் என்றால் போயிற்று. நல்ல மனசுக்காரர் என்ற பேரும் கிடைக்கும். இந்த யோசனை முழுதாகக் கால் மணி நேரம் அவருக்குப் பிடித்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது: தப்பே செய்யாதவனை மன்னிக்க நான் யார்? அவன் பெயர் இன்னும் கர்னலின் குறிப்பேட்டில் இருக்கிறது. அவனை எல்லார் முன்னாலும் வெட்கமில்லையா என்று கேட்ட வாய் இது. புதன்கிழமைதோறும் வேதாகமத்தை விரித்துவைத்து, உண்மை பேசுங்கள் என்று பையன்களுக்குச் சொன்னதும் இதே வாய்தான். நினைக்க நினைக்க அவருக்கு உடம்பு கூசியது.

அன்று மதியம் கம்பெனியின் கிறிஸ்துமஸ் சாப்பாடு, கர்னலும் வந்திருந்தார். நீள மேசை முழுக்க வாழையிலை, நடுவில் மலை மலையாகச் சோறு, அதன்மேல் சுட்ட மீனும் கத்தரிக்காயும் கருவாடும். தட்டு கிடையாது, நாற்காலி கிடையாது. அந்த மேசையில் பதவியும் கிடையாது. கர்னலும் கடைநிலைச் சிப்பாயும் தோளோடு தோள் உரச நின்று, ஒரே சோற்றில் கைபோட வேண்டும். "தாக்கு!" என்று உத்தரவு வந்ததும் பாய்வார்கள். அதற்கு முன்னால் கேப்டன் ஜெபம் சொல்வது வழக்கம். எழுபது பேரும் கை கழுவிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள்.

கேப்டன் வாயைத் திறந்தார். ஜெபம் வரவில்லை.

"ஜெபத்துக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "பூசைக்குப் போக சார்ஜென்ட் ஜுமாவான் என்கிட்ட அனுமதி கேட்டான். நான் குடுத்தேன். குடுத்ததை மறந்துட்டு உங்க முன்னாடி அவனை அவமானப்படுத்தினேன். என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு அவன் வாயே திறக்கல. தப்பு என்னோடது. ஜுமாவான், என்னை மன்னிச்சுடு. உன் லீவு உண்டு, எல்லாருக்கும் பூசையும் உண்டு."

ஈ பறக்கும் சத்தம் கேட்டது. மீன் இருந்ததால் ஈயும் நிறையவே இருந்தது. ஜுமாவான் காதுவரை சிவந்துபோய் கருவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கர்னல் மெல்லத் திரும்பினார். "எப்படி மறந்தீங்க, கேப்டன்?"

சொல்வதற்குக் காரணம் இருந்தது. உலகத்திலேயே நல்ல காரணம்: நான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன். அது நாக்கு நுனிவரை வந்தது. கேப்டன் அதை விழுங்கினார்.

"சாக்கு இல்ல, சார்!"

"அவன் பேரை அடிச்சுட்டு உங்க பேரை எழுதணும். பட்டியல்ல அது என்ன பண்ணும்னு தெரியுமில்ல?"

"தெரியும், சார்."

 மேசைக் கோடியிலிருந்து தினோய், "சோறு ஆறுது, சாமி" என்று முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

"சரி, ஜெபம் பண்ணுங்க. சின்னதா" என்றார் கர்னல்.

சிரிப்பு வெடித்தது. ஜெபமும் அன்றைக்குச் சின்னதாகவே இருந்தது. "தாக்கு!" என்றதும் கேப்டன் கைவைத்த இடத்தில் கொழுத்த மீன் வயிற்றுத் துண்டு ஒன்று வந்து நின்றது. எதிர்ப்பக்கம் ஜுமாவான், அதைத் தள்ளிவிட்டது தான் இல்லை என்பதுபோல் சோற்றை அள்ளிக்கொண்டிருந்தான். அதன்பிறகு கேப்டன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றித் தினோய் ரொம்ப நாள் பெருமை பேசினான்.

மறுநாள் ஒன்பதாவது பூசை. கம்பெனியில் பூசைக்குப் போகாதவர்கள் எட்டே பேர்: ஐந்து முஸ்லிம் பையன்கள், இரண்டு பாப்டிஸ்ட் பையன்கள், அப்புறம் கேப்டன். அந்த எட்டுப் பேரும் வாயில் காவலுக்கு நின்றார்கள், கேப்டனும் துப்பாக்கியோடு. கீழே சிற்றாலயத்தின் ஒலிபெருக்கியில் பாட்டு முடிந்து, வானம் வெளுக்கும்போது ஜுமாவான் மேலே வந்தான். முதுகில் மூட்டை, கையில் வாழையிலையில் சூடாக ஒரு பிபிங்கா. ஆலய வாசலில் விற்கும் அரிசிப் பணியாரம்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, சார். இது உங்களுக்கு."

கேப்டன் வாங்கிக்கொண்டார். "நான்தான் உன் கணக்கைக் கெடுத்துட்டேனே. நடுவுல மூணு பூசை போச்சு."

"போகல சார். ஒலிபெருக்கி இருக்கே. காவல்ல நின்னபடியே கேட்டுட்டேன். ஒன்பதும் முழுசு."

"மகளைப் பாக்கணும்னு வேண்டினே, பாக்கப் போற. ம்?"

ஜுமாவான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "முதல் அஞ்சு நாள் அதுதான் சார். அப்புறம் மாத்திட்டேன்."

"என்னன்னு?"

"கேப்டனுக்கு ஞாபகம் வரட்டும்னு."

பணியாரம் கேப்டன் கையைச் சுட்டது. "அட மடையா, நேரா வந்து என்கிட்டயே சொல்லியிருக்கலாமேடா!"

"வந்து சொன்னேனே சார், ரெண்டு தடவை. காலையில. 'ம், சரி'ன்னீங்க."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. ஜுமாவான் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு மூட்டை குதிக்கக் குதிக்க ஓடினான்.

அன்று கேப்டன் எழுபது பெயரையும் வாயிலில் நின்றபடியே, கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார். ஜுமாவான் பெயர் வந்தபோது சிரிப்பு வந்து நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. சவரத்தை அதற்குப் பிறகுதான் வைத்துக்கொண்டார்.