நந்தா கிளம்பாத ஆவணி

அந்த வருஷம் சிலகோட்டில் ஆவணி முடியவில்லை. நந்தாகினி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பல்காணில் புரட்டாசி பிறந்தது, ஐப்பசி வந்தது, கோதுமை விதைத்தார்கள், தீபாவளிக்கு விளக்கு வைத்தார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் அதே மழை, அதே அட்டை, மக்காச்சோளக் கதிரில் அதே பால். நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கசியும், முற்றாது. வெள்ளரிக்கொடி கூரை ஏறி, கூரையிலிருந்து அடுத்த கூரைக்குப் போய், காய்த்துக்கொண்டே இருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நந்தா புகுந்த வீட்டுக்குக் கிளம்பவில்லை. அவள் ஏன் கிளம்பவில்லை என்பது மட்டும் ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பெயர் ருக்மா. உமேத் சிங்கின் தங்கை. அவள் வாயைத் திறக்கவில்லை.

நந்தா அந்த ஊர்ப் பெண். கைலாசத்தில் சிவனுக்குக் கட்டிக்கொடுத்தது. வருஷா வருஷம் மழைக்காலத்தில் பிறந்த வீடு வருவாள், சுட்ட சோளமும் வெள்ளரிக்காயும் தின்பாள், வளர்பிறை அஷ்டமி கழிந்ததும் அவளைப் பல்லக்கில் ஏற்றிப் பனிமலை அடியிலிருக்கும் ஏரி வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும். அவள் போனால்தான் மழை நிற்கும், புல் காயும், கதிர் முற்றும். ஊரில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் எல்லோரும் அவளை வழியனுப்ப வருவார்கள். அவள் போனபிறகு அண்ணன் தம்பிமார் இவர்களையும் அவரவர் மாமியார் வாசல் வரை கூட்டிப்போய், அரிசிமாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்ட பணியாரக் கூடையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். வழியனுப்பும் அன்று ஒவ்வொரு பெண்ணும் பல்லக்குக் கம்பில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "போய்ட்டு வா." அழலாம், கட்டிப்பிடிக்கலாம், மாமியாரைத் திட்டலாம். வார்த்தை மட்டும் மாறக்கூடாது.

ருக்மாவுக்கு அது மாறிவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. துணியை முடிச்சுப் போடும்போது வளையல் விலகி, மணிக்கட்டில் அந்தத் தழும்பு தெரிந்தது. போன மார்கழியில் மாமியார் ஜசுலி, ரொட்டி கருகிப்போனதற்காக அடுப்பிலிருந்து எடுத்து வைத்த இடுக்கியின் தடம். அதைப் பார்த்துக்கொண்டே வாய் தானாகச் சொல்லிவிட்டது: "போகாதே. நீ போனா என்னையும் அனுப்பிடுவாங்க."

மேளம் முழங்கியது, ஆட்கள் கம்புக்குத் தோள் கொடுத்தார்கள், பல்லக்கு அசையவில்லை. "காலையில தின்னீங்களா இல்ல விரதமாடா?" என்று கிண்டல் செய்த பெரியவர்களே அப்புறம் வந்து தோள் கொடுத்தார்கள். கம்பு முறிந்தது. புதுக் கம்பு வெட்டிப் போட்டார்கள், அதுவும் முறிந்தது. கோயில் பண்டிதர் முதலில் மரத்தின் மேல் குற்றம் சொன்னார், பிறகு பஞ்சாங்கத்தின் மேல். சாமியாடியை உட்கார வைத்துக் கேட்டார்கள். அவர் உடம்பு நடுங்கியது, கண் செருகியது, நந்தா இறங்கினாள், வெள்ளரிக்காய் கேட்டாள், தின்றாள், ஏறிப் போய்விட்டாள். 

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ருக்மா அண்ணன் வீட்டில் தூங்கி எழுந்தாள். அதட்டல் இல்லாத விடியல் எப்படியிருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. பிறகு கட்டில் காலில் காளான் முளைத்தது. உப்பு தண்ணீராகிப் பானையில் நின்றது. போன வருஷத்துக் கேழ்வரகு பெட்டியின் அடிக்கு வந்தது. அண்ணி சுரேஷி அதை அடுப்புப் புகையில் காயவைத்துக் காயவைத்துத் திரித்தாள், தன் ரொட்டியைப் பாதியாக்கி நாத்தனார் தட்டில் வைத்தாள். "தின்னு. அங்க போனா எப்படியும் எலும்பாத்தானே திரும்பி வருவ" என்றாள். ருக்மா அதிலும் பாதியைத் திருப்பி வைத்தாள். ஒவ்வொரு வாய்க்கும் ஊரையே தின்பது போலிருந்தது.

வந்த பெண்கள் யாரும் கிளம்பவும் முடியவில்லை. நந்தாவுக்கு முன்னால் படி தாண்டிய பெண் அந்த ஊரில் கிடையாது. சருளி மட்டும் ஒருநாள் துணிந்து போனாள். அவள் கைக்குழந்தையைப் பல்காணில் மாமியாரிடம் விட்டு வந்தவள். கயிற்றுப் பாலத்தில் பாதி தூரம் போனதும் தலையிலிருந்த பணியாரக் கூடை கனத்து, பாலத்தின் கயிறு முறுக ஆரம்பித்தது. திரும்பிவிட்டாள். அதன் பிறகு தினமும் பாலத்தடியில் நிற்பாள். அக்கரையிலிருந்து குழந்தையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கரையில் மாதங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் குழந்தை அங்கேயே தவழ்ந்தது, அங்கேயே பல் முளைத்தது, ஒருநாள் பனியில் எழுந்து நின்று நடந்தது. சருளி மழையில் நனைந்தபடி இந்தக் கரையிலிருந்து கைதட்டினாள். பக்கத்தில் நின்ற ருக்மாவுக்குக் கை வரவில்லை.

அந்த வாரமே ருக்மாவின் கொழுந்தன் குந்தன் பாலம் தாண்டி வந்தான். தொப்பியில் பனி. சேற்றில் கால் வைத்ததும் அது உருகி மூக்கில் வழிந்தது.

"அண்ணி, அம்மா சொல்லச் சொன்னாங்க. பனி விழறதுக்குள்ள வரலேன்னா அப்புறம் வரவே வேண்டாமாம்."

"பனிதான் விழுந்தாச்சே, உன் தொப்பியில!" என்றாள் சுரேஷி.

"அது எங்க ஊர்ப் பனி, அக்கா. கணக்குல வராது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா சும்மா சொல்லல. வேற பொண்ணு பார்க்கப்போறேங்கறாங்க. அதுக்கு முன்னால அண்ணியைக் கூட்டிட்டு வந்து ரெண்டுல ஒண்ணு பார்க்கணுமாம்."

உமேத் சிங் ஹூக்காவைக் கீழே வைத்தான். தங்கையின் மணிக்கட்டை அவன் பார்க்காமலில்லை. பார்த்த ஒவ்வொரு தடவையும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். "நந்தா கிளம்பின அன்னிக்கே இவளும் கிளம்புவா. போய்ச் சொல்லு" என்றான். ரெண்டுல ஒண்ணு என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை. ருக்மாவுக்குத் தெரியும். பல்காணில் ஒருத்தி போன வருஷம் புல் அறுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தாள். அவள் அதற்கு முன்னால் எத்தனை வருஷம் அதே பாறையில் புல் அறுத்தாள் என்று ஊருக்கே தெரியும்.

கேழ்வரகுப் பெட்டி காலியானபோது ஊர் யோசிக்க ஆரம்பித்தது. யாரோ ஒருத்தி வார்த்தையை மாற்றியிருக்கிறாள். யார்? உப்பின் மேல் சத்தியம் வாங்கலாம் என்றால் உப்பு இல்லை. துணி கட்டும்போது அதிகம் அழுதது யார் என்று பேச்சு போயிற்று. சருளிதான். அவள் அழாமல் என்ன செய்வாள், பால் கட்டிக்கொண்ட மார்போடு! ஆனால் ஊர் முடிவு செய்துவிட்டது. மறுநாள் காலையில் அவள் துணியை அவிழ்த்து எரித்து, அவளை ஊர்ப் பெண்ணில்லை என்று சொல்லிவிடுவது. நந்தாவுக்கு அக்கா தங்கை முறையாகாத பெண்ணுக்கு அந்த மலையில் பிறந்த வீடும் கிடையாது, புகுந்த வீடும் கிடையாது.

ருக்மா விடிந்ததும் மழையில் கோயில் முற்றத்துக்குப் போனாள். பல்லக்கின் துணிகளில் பாசி படர்ந்திருந்தது. தன் துணியைத் தேடிப் பிடித்து, நெற்றியை அதில் வைத்தாள்.

"நான்தான் சொன்னேன். தப்பு. நீ போய்ட்டு வா. நானும் போறேன்" என்றாள். நெற்றியை எடுக்காமலே, "பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போறேன்" என்றாள்.

படுத்திருந்த பசு எழுந்திருப்பது போலப் பல்லக்கு பின்பக்கம் முதலில் தூக்கி, பிறகு முன்பக்கம் தூக்கி, தானாக ஒருமுறை அசைந்து நின்றது.

மத்தியானத்துக்குள் ஊரே கிளம்பிவிட்டது. சருளியின் துணியை எரிக்க யாருக்கும் நேரமில்லை. நந்தாவோடு சேர்ந்தே தங்கையையும் இறக்கிவிடலாம் என்று உமேத் சிங் கூடையை ருக்மாவின் தலையில் ஏற்றி, கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் நடந்தான். அக்ரோட் மரத்தடியில் வழி பிரியும். மேலே போனால் ஏரி, கீழே போனால் பாலம். பல்லக்கு மேலே திரும்ப வேண்டும். கீழே திரும்பியது. தூக்கியவர்கள் காலை ஊன்றி இழுத்தார்கள், அது அவர்களை இழுத்துக்கொண்டு சரிவில் ஓடியது. மேளக்காரர்கள் ஓடினார்கள், பண்டிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், உமேத் சிங்கும் கையை விட்டுவிட்டு ஓடினான். ருக்மா கூடையோடு மரத்தடியிலேயே நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. சற்று நேரத்தில் மழை நின்றது. நின்றபிறகுதான் அதற்கு எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது.

பொழுது சாயும்போது அவர்கள் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்த உமேத் சிங் அவளைக் கண்டு நின்றுவிட்டான்.

"நீ எப்படி இங்க? உன்ன இப்பத்தானே உன் மாமியார் வாசல்ல விட்டுட்டு வரேன்!"

"நான் நகரவே இல்லையே, அண்ணா."

"என்னடி சொல்ற? பல்லக்கு நேரா உங்க வாசல்ல போய்த்தான் நின்னுது. பின்னாலேயே நீ வந்த. கூடைய உன் மாமியார் கையில கொடுத்தேன். வெல்லம் கம்மிபோலன்னு மூஞ்சியச் சுளிச்சா. நீ உள்ள போய் அருவாளை எடுத்துக்கிட்டு மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிட்ட."

ருக்மாவின் தலையில் கூடை அப்படியே இருந்தது. தைத்த மூடி பிரியவில்லை. எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள், பிறகு பல்லக்கைப் பார்த்தார்கள். பண்டிதர் பக்கத்தில் போய்க் கம்பின் அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினார். காலிக் கூடை மாதிரி மேலே வந்தது. அவர் விரலைத் துடைத்துக்கொண்டு, "நேரமாச்சு. ஏரி வரைக்கும் போய்ச் சடங்கை முடிச்சிட்டு வந்துடலாம்" என்றார். போனார்கள்.

மறுநாள் சிலகோட்டில் புரட்டாசி பிறந்தது. அடுத்த சில நாட்களுக்குள் ஐப்பசியும் கார்த்திகையும் வந்து பாக்கியைச் சரிசெய்துகொண்டன. மக்காச்சோளம் ஒரே மத்தியானத்தில் படபடவென்று சத்தம் போட்டு முற்றியது. சருளி பாலத்தில் ஓடியே போனாள்.

ருக்மா அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். நிம்மதியாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. நாய் குரைத்தால் கையிலிருந்தது நழுவியது. தன் இடத்தில், தன் அருவாளோடு, அந்தப் பாறையில் இன்னொருத்தி நிற்கிறாளே என்று நினைத்து நினைத்து அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு வியர்த்தது. செய்தியெல்லாம் வளையல்காரன் மூலம் வந்தது. ஜசுலி மருமகளை அடிக்கக் கையை ஓங்கியிருக்கிறாள், ஓங்கிய கை இறங்கவில்லை. மாசி வரைக்கும் அப்படியே தூக்கியபடிதான் தூங்கினாள், தின்றாள், கோயிலுக்குப் போனாள். வரும் வழியில் ஊர் ஜனங்கள், யாரைக் கூப்பிடுகிறாளோ என்று நின்று திரும்பிப் பார்த்தார்கள். பட்டாளத்திலிருந்து ருக்மாவின் புருஷன் திரிலோக் லீவில் வந்தான். வாசலில் மனைவியைப் பார்த்தான், குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட் அடித்தான், லீவு முடியும்வரை மாட்டுக்கொட்டகையில் படுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியல, தோணிச்சு" என்றானாம். "உங்க ஊர்ப் பொண்ணு நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே வளையல்காரன் ருக்மாவின் கையில் வளையல் ஏற்றினான். யார் கையில் ஏற்றுகிறோம் என்று அவனும் யோசிக்கவில்லை.

அடுத்த ஆவணியில் அவள் வந்தாள். கொல்லைப்புறத்தில் வெள்ளரிக்கொடியை விலக்கிக்கொண்டு, ருக்மாவின் முகத்தோடு, ருக்மாவின் நடையோடு. மணிக்கட்டில் அதே தழும்பு.  இனி உன் முறை என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று ருக்மா நினைத்தாள்.

வந்தவள் அடுப்பருகே உட்கார்ந்து ஒரு சோளக்கதிரைத் தணலில் போட்டாள். "முழிக்காத. இது உன் உருவத்தோட வந்த தழும்பு. புதுசா ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அங்க... கஷ்டமா?"

"உன் மாமியாரா? வாய் கொஞ்சம் ஜாஸ்தி. இப்ப இல்ல. காலையில முதல் டீ எனக்குத்தான் வருது."

"அப்ப கைலாசம்? உன்னத் தேட மாட்டாங்களா?"

"அவரு கண்ணைத் தொறந்தாத்தானேடி தேடறதுக்கு. அங்க மாமியாரும் இல்ல, நாத்தியும் இல்ல. ஒரே சாம்பல், ஒரே பனி. சண்டை போடக்கூட ஆளில்ல." கதிரைத் திருப்பிப் போட்டாள். "நீ அன்னிக்குப் போகாதேன்னியே, இத்தனை காலத்துல அப்படிச் சொன்னது நீ ஒருத்திதான். எல்லாரும் அழுதுக்கிட்டே அனுப்பத்தான் செஞ்சாங்க."

ருக்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "நான் திரும்பிப் போகணுமா?"

"போகணும்னு இல்ல. போகலாம். அவ்வளவுதான்." கதிரை இரண்டாக முறித்து, பெரிய பாதியைத் தான் வைத்துக்கொண்டாள். "உப்பு எங்க வச்சிருக்கீங்க?"

வாசலில் சுரேஷி வந்து நின்றாள். அடுப்பருகே இரண்டு நாத்தனார்களைக் கண்டாள். உள்ளே போய் இன்னும் இரண்டு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். ருக்மா தன் பாதிக் கதிரை ஒரு மணி விடாமல் தின்றாள். 

அந்த வருஷம் அஷ்டமி கழிந்து நந்தா கிளம்பினாள். மழை நின்றது. அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஆவணி ஒழுங்காக முடிகிறது. சில வருஷம் பல்லக்கு தோளை அழுத்துகிறது, சில வருஷம் காலியாக ஆடிக்கொண்டு போகிறது. தூக்குகிறவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சில வருஷம் இருவரில் ஒருத்தி பாலம் தாண்டுகிறாள், ஒருத்தி வீட்டில் தங்குகிறாள். ஒரு வருஷம் இரண்டு பேருமே தங்கிவிட்டார்கள்; அப்படியும் மழை நின்றது, வெயிலில் துணி உலர்த்தினார்கள். அந்த வருஷம் ஜசுலி பாலத்தின் அக்கரைக்கு வந்து நின்று, யாராவது ஒருத்தியை அனுப்பச் சொல்லிக் கெஞ்சிவிட்டுப் போனாள்.

உமேத் சிங் வீட்டில் இப்போது பணியாரம் இரண்டு கூடை கட்டுகிறார்கள். வெல்லம் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, ஒரே அளவில், ஒரே மாதிரி மூடி தைத்து வாசலில் வைத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.