பிளக்கைப் பிடுங்கியவன்

இவானோ என் சாதனையைத் திருடியவன் என்று முப்பத்தைந்து வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கல்யாண விருந்துகளில் சொல்லியிருக்கிறேன். என் டயர் கடைக்குச் சக்கரம் மாற்ற வந்தவர்களைப் பிடித்து வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பல் பிடுங்க வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தபோதுகூட டாக்டரிடம் சொல்லப் பார்த்தேன். அதனால்தான் போன மார்ச்சில் லொரெதானா சொன்னதைக் கேட்டு எனக்குத் தலை சுற்றிவிட்டது.

பெல்லாரியா கடற்கரையில் அவள் அப்பா ஒரெஸ்தே நடத்திய பாரை விற்றுவிட்டாளாம். சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தவள், "டெனிஸ், உன் நீர்மூழ்கி மெஷின் இன்னும் கிடக்குது, வந்து எடுத்துக்கிறியா, இல்ல காயலான் கடைக்குப் போடவா?" என்று போன் செய்தாள். கடையைப் பாதியில் மூடிவிட்டு ஓடினேன்.

அதேதான், நாணயம் போட்டு ஆடும் அதே வீடியோ கேம் மெஷின். இடதுபக்க விளிம்பில் சிகரெட் வைத்துச் சுட்ட கறுப்புத் தழும்புகள்கூட அப்படியே இருந்தன. பக்கத்தில் ஓர் ஐஸ்கிரீம் அட்டைப்பெட்டி நிறைய கேம் பத்திரிகைகள். ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஐம்பது வயதை எட்டப்போகிறவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள், எனக்கு அந்த மையின் வாசனை பிடிக்கும்.

எண்பத்தேழாம் வருடக் கோடை அது. எனக்கும் இவானோவுக்கும் பதினான்கு வயது. காலையில் எழுந்தால் சைக்கிள், சைக்கிளை விட்டு இறங்கினால் அந்த மெஷின். நீர்மூழ்கியிலிருந்து எதிரிக் கப்பல்களைக் குண்டு விட்டுத் தகர்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இருநூறு லீரா நாணயம் ஒன்று போட்டால் மற்றவர்கள் மூன்று நிமிடம் தாங்குவார்கள், நாங்கள் ஒரு மணி நேரம் தாங்குவோம். மெஷினின் பிளக், ஐஸ்கிரீம் ஃப்ரிட்ஜ் ஓடும் அதே சுவிட்ச் பலகையில்தான் செருகியிருந்தது. அதனால் ராத்திரியும் அணைக்கமாட்டார்கள், எடுத்த புள்ளிகள் திரையில் அப்படியே நிற்கும். அதை அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பத்திரிகையில் மாதாமாதம் சாதனைப் பக்கம் ஒன்று வரும். நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்தவனின் பெயர், ஊர், புள்ளி. அதில் பெயர் வந்தவனுக்குக் கடற்கரையில் தனி மரியாதை. அனுப்புவதற்குத் திரையின் புகைப்படம் வேண்டும், கூடவே பார்க்காரரின் கையெழுத்தும் முத்திரையும். இவானோ ஜூலையில் ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். நான் ஆகஸ்ட் பதினான்காம் தேதி சாயங்காலம் ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் எடுத்தேன். அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று கடைசிக் கப்பல் வரை பார்த்தான். முடிந்ததும், "நல்லா ஆடுனடா" என்றான். சத்தமே வரவில்லை.

ஒரெஸ்தேயின் கேமரா அவர் மச்சானிடம் இருந்தது. "நாளைக்கு ஃபெர்ராகோஸ்தோ பண்டிகை விருந்துக்கு வர்றான், அப்ப எடுத்துக்கலாம், உன் புள்ளி எங்க ஓடியா போயிடும்?" என்றார்.

ஓடித்தான் போயிற்று. மறுநாள் காலை திரையில் வெறும் பூஜ்ஜியங்கள். இவானோ வந்ததும் எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்தேன். "நீதான்டா பிளக்கைப் பிடுங்கினே. நேத்து மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சே. நான் என் கண்ணால பார்த்தேன்" என்று கத்தினேன். அவன் காது மடல் சிவந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவேயில்லை. செப்டம்பரில் அவன் செசேனாவில் ஒரு பள்ளிக்கும் நான் ரிமினியில் ஒரு பள்ளிக்கும் போனோம், அத்தோடு சரி.

ஊரெல்லாம் நூறு தடவை சொன்ன இந்தக் கதையை லொரெதானாவிடமும் ஆரம்பித்தேன். அவள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எந்த வருஷம்?"

"எண்பத்தேழு. ஃபெர்ராகோஸ்தோவுக்கு முந்தின நாள்."

"அன்னிக்கு ராத்திரி புயல் அடிச்சுக் கடற்கரை வரிசைக்கு மட்டும் கரண்ட் போச்சே! ரெண்டு மணிலேருந்து விடியற வரைக்கும் இல்ல. ஐஸ்கிரீம் எல்லாம் கூழாயிடுச்சு. குப்பையில கொட்டறதுக்கு முன்னாடி நான் பதினோரு கோன் தின்னு வாந்தி எடுத்தேன். அதை மறப்பேனா?"

"எங்ககிட்ட யாரும் சொல்லலியே!"

"கெட்டுப்போன ஐஸ்கிரீம்னு வெளிய தெரிஞ்சா யாரு வாங்குவா? அப்பா எங்க வாயைக் கட்டிட்டாரு. நீதான் பார்த்தேன்னியே, அப்புறம் என்ன?"

மெஷினை வண்டியில் ஏற்றவும் தோன்றவில்லை. ஏனென்றால் லொரெதானாவுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன், பிறகு சொல்லிச் சொல்லி எனக்கே அவன் குனிந்தது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆக, குற்றமே செய்யாதவனை ஊர் முழுக்க நாறடித்திருக்கிறேன்.

இவானோ சவிஞானோவில் ஓட்டல் துணிகளுக்குச் சலவைக்கூடம் வைத்திருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். பத்து கிலோமீட்டர். முப்பத்தைந்து வருடமாக அந்தப் பத்து கிலோமீட்டர் எனக்கு எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் அழைப்பு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவனுக்குத் தலை வழுக்கை, வயிறு முன்னால். ஆனால் காது மடல் அதே காது மடல். என்னைப் பார்த்த உடனே சிவந்தது.

"டெனிஸா? உள்ள வா" என்றான், போலீசுக்குக் கதவைத் திறப்பவன் மாதிரி.

சமையலறையில் உட்கார்ந்தோம். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தேன். "இவானோ, என்னை மன்னிச்சுடுடா. அன்னிக்கு ராத்திரி கரண்ட் போயிருக்கு. ஒரெஸ்தே பொண்ணு சொன்னா. நீ பிடுங்கலடா, புயல் பண்ணின வேலை அது."

அவன் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நான் பிடுங்கினேன்டா" என்றான்.

"என்னது?"

"எட்டு மணிக்கு. ஒரெஸ்தே வெளிய கடற்கரைக் குடைகளை மடக்கிக்கிட்டு இருந்தாரு. பிடுங்கி, அஞ்சு எண்ணி, திரும்பச் செருகினேன். பத்திரிகையில என் பேரு வரணும். உன் போட்டோ பத்திரிகைக்குப் போயிடுச்சுன்னா என் பேரு வராது. வந்துச்சு, அக்டோபர் இதழ்ல. நான் வாங்கவே இல்ல."

மன்னிப்புக் கேட்க வந்தவன் நான். இப்போது மன்னிக்க வேண்டியவனும் நானா? அவன் செய்யாவிட்டாலும் ஆறு மணி நேரத்தில் புயல் செய்திருக்கும். அப்படியென்றால் அவன் என்னிடமிருந்து எதை எடுத்தான்? ஒன்றும் இல்லை. ஆனாலும் எடுத்தானே!

"அப்போ அன்னிக்கு ஏன்டா ஒத்துக்கல?" என்றேன்.

"என்னத்தை ஒத்துக்கறது? நீதான் கண்ணால பார்த்துட்டியே. மெஷினுக்குப் பின்னாடி குனிஞ்சதைக்கூட சரியா சொன்னே. நீ மட்டும் பார்க்காம இருந்திருந்தா ரெண்டு நாள்ல நானே வந்து சொல்லியிருப்பேன், நாலு அறை வாங்கிட்டு மறுபடியும் சேர்ந்து ஆடியிருப்போம். பார்த்தவன் மூஞ்சியில எப்படி முழிக்கறது? அதுக்கப்புறம் நான் பெல்லாரியாவுக்கே வந்ததில்லடா. பிள்ளைங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகணும்னா ரவென்னா வரைக்கும் ஓட்டிட்டுப் போவேன்."

சும்மா இருந்திருக்கலாம். தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போது இருந்தது?

"நான் பார்க்கலடா."

"எதை?"

"எதையும். நான் அப்போ வீட்டுல இருந்தேன். சும்மா அடிச்சு விட்டேன்."

இவானோ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். அறையப்போகிறான் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஜன்னல் வரை போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். "சும்மாவா?" என்றான். "ரவென்னாடா! மூணு பிள்ளைங்க, இருபது வருஷம், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரவென்னா!" என்றான். அவன் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கியது. அழுகிறேனா, சிரிப்பை அடக்குகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி மிரெல்லா கடையிலிருந்து பைகளோடு வந்தாள். இரண்டு கிழட்டு ஆண்கள் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"யாருங்க இவரு?"

இவானோ என்னைப் பார்த்தான். என்ன சொல்லப்போகிறான் என்று நானும் காத்திருந்தேன். அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என் ஃப்ரெண்டு" என்றான் கடைசியில், வெடுக்கென்று. "பெரிய புளுகன். இவனுக்கும் ஒரு தட்டு வை."